தங்கபுஷ்பத்தின் பெருமூச்சு

சிப்பிப்பாட்டு உப்பளத்தில் தங்கபுஷ்பம் விட்ட பெருமூச்சில் ஒரு எஞ்சின் குளிர்ந்துபோனது, அக்கினி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள், புதன்கிழமை, பகல் பன்னிரண்டே முக்காலுக்கு. நேரம் இத்தனை துல்லியமாகத் தெரியக் காரணம், அவள் புருஷன் பிச்சைக்கனி எஞ்சின் சம்பந்தப்பட்ட எதையும் நோட்டில் எழுதிவைக்காமல் விடுகிற ஆள் இல்லை. உப்பளத்துப் பம்புசெட்டுகளுக்கு அவன்தான் மெக்கானிக். தரைக்கடியிலிருந்து உப்புத்தண்ணீரை இறைத்து இறைத்து அரித்துப்போகும் பம்புகளைப் பிரித்துப் பூட்டுவதே அவன் பிழைப்பு. இருபத்திரண்டு வருசமாக அவன் பம்பு பூட்ட, அந்தப் பம்பு இறைத்த தண்ணீர் பாத்தியில் காய்ந்து உப்பாக, அந்த உப்பை அவள் வாரிக்கொண்டிருந்தாள். மூத்த மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, இளையவள் நர்சிங் படிக்க விடுதியில் இருந்தாள், வீட்டில் இப்போது இவர்கள் இரண்டு பேர்தான்.

அவனுக்கு ஒரு கார் இருந்தது. ஏறி உட்காருகிற கார் இல்லை, மடியில் வைத்துக்கொள்கிற கார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கஸ்பார் யாரோ கப்பல்காரனிடமிருந்து உடைந்த நிலையில் வாங்கிவந்து, "அண்ணாச்சி, இதுக்கு உயிர் குடுக்க முடியுமான்னு பாருங்க" என்று கொடுத்தது. மூன்றரை சிசி எஞ்சின், பெரிய எலுமிச்சம்பழம் அளவுதான், மெத்தனாலும் நைட்ரோவும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளைக் குடித்துவிட்டு நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று சுற்றும். கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு விட்டால், கைவிட்டுப்போன பழைய பாத்திகளின் இறுகிய தரையில் ஒரு வெள்ளைப் புழுதிக்கோடு இழுத்துக்கொண்டு கண்ணுக்கெட்டாத தூரம் போய்த் திரும்பும். பிச்சைக்கனி அதற்கு உயிர் கொடுத்தான். கொடுத்த நாளிலிருந்து அவனுடைய சொந்த உயிர் கொஞ்சம் அதற்குள் போய்விட்டது என்று தங்கபுஷ்பம் சொல்வாள், குறையாகச் சொல்வதில்லை, தண்ணி வரவில்லை என்பதைப் போலச் சொல்வாள்.

ஆனால் சிப்பிப்பாட்டு வெயில் அந்த எஞ்சினுக்கு ஆகவில்லை. மேலே சூரியன், கீழே அந்தச் சூரியனைத் திருப்பியடிக்கும் உப்பு, நடுவில் எலுமிச்சம்பழம். நூற்றுப்பத்து டிகிரியில் ஓடவேண்டியது ஐந்தே நிமிடத்தில் நூற்று நாற்பதைத் தாண்டி, இருமி, நின்றுவிடும். பிச்சைக்கனி ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தான். ஈரச்சாக்கைச் சுற்றினான், சாக்கு காய்ந்து எஞ்சின் தலையின் செதில்களுக்கிடையே உப்பு பூத்தது. கற்றாழைச் சோற்றை அப்பினான், அது வெந்து தெருவே நாறியது. நுங்கைச் சீவி வைத்தபோது நாலு நிமிடம் சொன்னபடி கேட்டது, பிறகு எறும்பு வந்தது. மீன்தொட்டி மோட்டாரும் செம்புக்குழாயும் வைத்து ஒரு வாரம் பாடுபட்டுச் சேர்த்த தண்ணீர் ஏற்பாட்டில் காரின் எடை கூடி, வளைவில் கிழவனைப்போலத் தள்ளாடியது. ஐஸ்கட்டியை நேராக வைத்ததில் அலுமினியத் தலை விரிசல் விட்டது. சுட்ட மண்ணில் ஒரு சட்டை செய்து, அதை நனைத்து மாட்டியதுதான் இருப்பதில் நன்றாக வேலை செய்தது, முதல் மேட்டில் கார் குதித்து இறங்கும்வரை. ஒவ்வொன்றுக்கும் நேராக நோட்டில் டிகிரியும், "பலன் இல்லை" என்ற சொல்லும்.

அந்தப் புதன்கிழமை பகலில் அவள் பாத்தியிலிருந்து நேராக மோட்டார் ரூமுக்கு வந்தாள். விடிகாலையிலிருந்து வாரியிருந்தாள். கால் முட்டுவரை உப்புத்தண்ணீர் காய்ந்து வெள்ளையாய் இருந்தது. அவனுக்குக் கொண்டுவந்த தூக்குச்சட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, மேசைக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் அணைத்த எஞ்சின் அவள் முகத்துக்கு நேரே டிக் டிக் என்று சுட்டுக்கொண்டிருந்தது. அவன் தொடாமலே சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் கன்னை நீட்டி நூற்று நாற்பத்தாறு என்று எழுதிக்கொண்டிருந்தான். தங்கபுஷ்பம் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். அது நீளமான மூச்சு. அவன் பேனாவை வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கிற அளவுக்கு நீளமாக இருந்தது. முடிந்தபோது எஞ்சினின் செதில்களில் வெள்ளையாக, மாவு சலித்ததுபோல, பனி பிடித்திருந்தது. மறுபடி கன்னை நீட்டினான். பூஜ்யம்.

"இன்னொரு மட்டம் விடு" என்றான்.

"என்னத்த?"

"பெருமூச்ச."

"கேட்டா வருமா அதெல்லாம்" என்றாள். இப்படியும் ஒரு மனுசன் கேட்பானா என்று நினைத்ததில் தானாகவே இன்னொன்று வந்தது, பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பு வேர்த்தது. அவன் நோட்டில் தேதியும் நேரமும் போட்டு, "தங்கம் மூச்சு. பலன் உண்டு" என்று எழுதி, சாப்பாட்டைத் திறந்தான்.

கஸ்பாரிடம் அன்றைக்குச் சாயந்தரம் சொன்னான். கஸ்பார் டீக்கடையில் சொன்னான். சனிக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எப்படி, ஏன் என்று சிப்பிப்பாட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கடல் ஒரு வருசம் உள்வாங்குகிறது, ஒரு வருசம் தெருவுக்குள் வருகிறது, அதையெல்லாம் யார் கேட்டார்கள். எதற்குப் பயன்படும் என்றுதான் கேட்டார்கள். முதலில் வந்தது மீன்கார சவேரியம்மாள். டவுனிலிருந்து ஐஸ் வண்டி வராத நாளில் கூடையைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கே வந்து, "மதினி, சாளை மெதுமெதுன்னு ஆயிட்டு வருது, ஒரு மூச்சு விட்டுருங்களேன்" என்றாள். தங்கபுஷ்பம் குனிந்து மீனைப் பார்த்தாள், பார்த்ததில் மூச்சு வந்தது, சாளைகள் கம்பிபோல விறைத்தன. பிறகு மருந்துக்கடை வேதமுத்து, மின்சாரம் போன நாட்களில் சர்க்கரை ஊசி மருந்துகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தார். டீக்கடையில் சோடாப் பாட்டில்களை வரிசையாக வைத்து அவளை அதன்முன் உட்காரச் சொன்னார்கள். தெற்குத்தெருவில் ஒரு பெரியவர் இறந்து, கத்தாரிலிருந்து மகன் வந்துசேர ஒன்றரை நாள் ஆனபோது, குளிர்பெட்டிக்குச் சொல்லியனுப்பாமல் இவளுக்குத்தான் சொல்லியனுப்பினார்கள். அவள் அந்த ஒன்றரை நாளும் தலைமாட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அழுகிறவர்களுக்கு நடுவே, மணிக்கு நாலு தடவை பெருமூச்சு விட்டாள். மகன் வந்து அப்பாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, பிறகு இவள் கையையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அவளுக்கு அது பிடிக்காமல் இல்லை. பஸ்ஸில் இடம் கொடுத்தார்கள். கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். "இருபத்திரண்டு வருசமா விட்டதெல்லாம் எங்க போச்சோ, இப்பதான் ஒருத்தருக்கு உபயோகப்படுது" என்று பக்கத்து வீட்டு எஸ்தரிடம் சொன்னாள். எஸ்தர் அவளோடுதான் உப்பு வாரப் போகிறவள். குழாயடியில் தங்கபுஷ்பத்தின் இரண்டாவது குடத்தைக் கேட்காமலே எடுத்துவந்து வாசலில் வைப்பவள்.

பிச்சைக்கனியின் கார் இப்போது முப்பது நிமிடம் நிற்காமல் ஓடியது. எரிபொருள் நிரப்ப ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வரும்போது, அவன் அதைத் திருநீறு வாங்கப் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவதுபோல அவள் முகத்துக்கு நேரே தூக்குவான், அவள் ஒரு மூச்சு விடுவாள், நூற்று நாற்பதில் வந்தது நூற்றில் திரும்பும். கஸ்பார் மதுரை, கோயம்புத்தூர், கொல்லம் என்று மூன்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லி, மே கடைசி ஞாயிற்றுக்கிழமை பகலில் பழைய பாத்தித் தரையில் அரை மணி நேரப் பந்தயம் என்று ஏற்பாடு செய்தான். வெயிலில் மற்ற எஞ்சின்களெல்லாம் வாடிவிழும், நம்முடையது மட்டும் ஓடும் என்பதுதான் அவன் கணக்கு. பிச்சைக்கனி வாழ்க்கையில் எதிலும் ஜெயித்ததில்லை. ஜெயிப்பது என்று ஒன்று தன் பக்கமும் வரக்கூடும் என்பதே அவனுக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் தோன்றியது. தோன்றியபிறகு அவனால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவள் மூச்சு சுட்டது. எல்லோருடைய மூச்சையும்போலச் சாதாரணமான சூடு. எஞ்சின் இருமி நின்றது. சவேரியம்மாளின் கூடையில் நெத்திலி கண் கலங்கியது. என்ன ஆயிற்று என்று பிச்சைக்கனி நோட்டைப் பின்னுக்குப் புரட்டிப் பார்த்தான். முந்தின நாள் ஞாயிறு, கோயில் கொடியேற்றம் என்று அளம் லீவு, அவள் எட்டுமணிவரை தூங்கி, பிறகும் படுத்திருந்தாள். அதற்கு முந்தின வாரங்களையும் பார்த்தான். அவள் மேலப்பாத்தியில் வாரிய நாட்களில் எஞ்சின் தொண்ணூறு, கீழப்பாத்தியில் அம்பாரம் குவித்த நாட்களில் எண்பது, மழை தூறி வேலை நின்ற ஒருநாள் நூற்று முப்பத்தெட்டு. அவன் நோட்டை மூடிவைத்தான். தெரியக்கூடாத ஒன்றைத் தெரிந்துகொண்டதுபோல இருந்தது. ஆனாலும் கஸ்பாரிடம் சொல்லிவிட்டான்.

"அலுப்புல இருக்கு அண்ணாச்சி விசயம்" என்றான் கஸ்பார். "அலுத்தாத்தான் குளிருது."

இதுவும் டீக்கடைக்குப் போனது.

அதன்பிறகு சிப்பிப்பாட்டில் யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, யாரும் யாரிடமும் ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை, ஆனால் எஸ்தர் குழாயடியில் இரண்டாவது குடத்தை எடுப்பதை நிறுத்தினாள், கணக்கப்பிள்ளை சொர்ணவேல் வேலை பிரிக்கும்போது அவளைக் கடைசிப் பாத்திக்கு, கரையிலிருந்து அரை மைல் நடக்கவேண்டிய பாத்திக்குப் போட்டார், டீக்கடையில் அவள் பெஞ்சில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் மரியாதையாக வந்து, "மதினி, கொஞ்சம் எந்திரிங்க, பெஞ்ச துடைச்சிருதேன்" என்று துடைத்துக்கொண்டே இருந்தார், பஸ்ஸில் அவளுக்கு எழுந்து இடம் கொடுத்தவர்கள் இப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். எல்லாம் பிரியத்தோடுதான் நடந்தது. அவளைப் பார்த்து முன்பைவிட அதிகமாகச் சிரித்தார்கள். "ஊருக்கு நீங்கதான் மதினி" என்றார்கள்.

தங்கபுஷ்பத்துக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. புரிந்த அன்று பிச்சைக்கனிக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நான் ரெண்டு நாள் படுத்துக் கெடந்தா உங்க காரு ஓடாது. அப்படித்தான?"

"அப்படின்னு இல்ல."

"எப்படின்னு இருக்கு?"

அவன் சோற்றைப் பிசைந்தான். "ஞாயித்துக்கெழமை ஒண்ணு முடிஞ்சிட்டா, அதுக்கப்புறம் நீ ஒரு மாசம் படுத்துக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீங்க எப்ப என்ன சொல்லியிருக்கிய" என்றாள். குழம்புச்சட்டியின் விளிம்பில் பனி கட்டியது.

பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமை, கடைசிப் பாத்தியில் வேலை முடிந்து, பகல் ஒரு மணிக்கு அவள் மோட்டார் ரூமுக்கு வந்தாள். அவன் வெளியே காருக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தான். அவள் தரையில் ஒரு சாக்கை விரித்து, முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்து, சாய்ந்த உடனே தூங்கிப்போனாள். அவன் உள்ளே வந்து பார்த்தான். வாய் லேசாகத் திறந்து, ஒரு கை விரிந்து, விரல்களின் வெடிப்புகளில் உப்பு வெள்ளையாய் இருந்தது. அவன் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். நல்ல தூக்கம். இப்படியே விட்டால் சாயந்தரம்வரை தூங்குவாள் என்று தோன்றியது. சாயந்தரம்வரை தூங்கினால் நாளைக்கு எத்தனை டிகிரி என்றும் தோன்றியது. அந்த இரண்டாவது நினைப்பு வந்ததற்காக அவன் தன்னை வெறுத்தான், வெறுத்துக்கொண்டே மேசையிலிருந்த பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுத்து, சிமெண்டுத் தரையில் போட்டான்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. கீழே கிடந்த ஸ்பானரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "கை தவறிட்டு" என்றான். அவள் சாக்கை உதறி மடித்துவைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய பாத்தித் தரையில் ஊரே நின்றது. பதினோரு கார்கள். ரிமோட்டைப் பிடிக்கிறவர்கள் நிற்க மூங்கிலில் ஒரு மேடை கட்டியிருந்தார்கள். நம் காருக்குக் கஸ்பார்தான் ரிமோட். கீழே எரிபொருள் நிரப்ப பிச்சைக்கனி, அவன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தங்கபுஷ்பம். வெயில் உச்சியில் இருந்தபோது கொடி அசைந்தது. பதினோரு எஞ்சின்களும் ஒரே நேரத்தில் வண்டுக்கூட்டைக் கலைத்ததுபோல இரைந்தன. விளக்கெண்ணெய் எரிகிற வாசம் உப்பளம் முழுக்கப் பரவியது. முதல் ஏழு நிமிடம் முடிந்து கார் உள்ளே வந்தது. அவன் எரிபொருளை நிரப்பி, தூக்கிக் காட்டினான். அவள் மூச்சு விட்டாள். நூற்று நாற்பத்தொன்று, தொண்ணூற்றாறு. கார் பாய்ந்தது. கொல்லத்துக் கார் இரண்டு ஓரமாகப் புகைந்து நின்றன. இரண்டாவது தடவையும் வந்தது, மூச்சு விட்டாள், போனது. இப்போது ஓடிக்கொண்டிருந்தவை நாலே கார்கள், நம்முடையது இரண்டாவது. பக்கத்தில் தன் எஞ்சினுக்கு விசிறிக்கொண்டிருந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "உங்களுது மட்டும் எப்படிங்க சூடே ஏற மாட்டேங்குது, என்ன வெக்கறீங்க அதுல?" என்று கேட்டார். "வீட்டுக்காரிங்க" என்றான் பிச்சைக்கனி. அவர் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார்.

மூன்றாவது தடவை கார் வந்தது. எரிபொருளை நிரப்பினான், தூக்கினான். அவள் குனியவில்லை.

"ஒண்ணு கேக்கேன்" என்றாள்.

"கார் போகணும்ளா."

"நேத்து அந்த ஸ்பானர் கை தவறி விழுந்ததா, நீங்க போட்டியளா?"

எஞ்சின் அவன் கையில் துடித்துக்கொண்டிருந்தது. மேடையிலிருந்து கஸ்பார் பார்த்தான். பிச்சைக்கனிக்குப் பொய் நாக்கின் நுனிவரை வந்தது, நேற்றே சொன்ன பொய்தான், மறுபடி சொல்வதற்கு ஒரு சிரமமும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தான். கோபம் இருந்தால் அந்தப் பொய்யையே சொல்லியிருப்பான்.

"போட்டேன்" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு குனிந்து மூச்சு விட்டாள். அந்த மூச்சு இதுவரை விட்ட மூச்சுகளைப்போல இல்லை. இரண்டு பிள்ளைகளைப் பெற்ற மறுமாதமே பாத்தியில் இறங்கியது அதில் இருந்தது, மாமியார் படுத்த படுக்கையாய்க் கிடந்த நாலு வருசம் இருந்தது, கடைசிப் பாத்தியின் அரை மைல் இருந்தது, சாக்கில் தூங்கிய ஐந்து நிமிடம் இருந்தது. எஞ்சினில் பனி பிடித்தது, பனி இறுகிக் கட்டியானது, முப்பதாயிரம் சுற்று சுற்றிக்கொண்டிருந்தது ஒரு சத்தமும் போடாமல் நின்றது. எரிபொருள் குழாயில் விளக்கெண்ணெய் நெய்போல உறைந்தது. பிச்சைக்கனி பழக்கத்தில் கன்னை நீட்டினான், அது எண்ணைக் காட்டாமல் இரண்டு கோட்டைக் காட்டியது. பக்கத்துப் பாத்தியில் நின்ற உப்புத்தண்ணீர்மேல் கண்ணாடிபோல ஒரு ஏடு படிந்து மெல்ல விரிசல்விடும் சத்தம் கேட்டது. நூற்றுக்கணக்கான பேர் அந்த வெயிலில் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கினார்கள். ஓடிக்கொண்டிருந்த மற்ற மூன்று கார்களும் அவர்களைத் தாண்டிப் போயின.

"சூடேத்துங்க அண்ணாச்சி, லைட்டர வச்சு தலையில காட்டுங்க" என்று கஸ்பார் மேலிருந்து கத்தினான். "ரெண்டாவதுல இருக்கோம், இன்னும் ஒம்பது நிமிசம்தான்."

அது சரியான யோசனைதான். எஞ்சினுக்கு அளவான சூடும் வேண்டும், சூடே இல்லாவிட்டாலும் அது ஓடாது. பிச்சைக்கனிக்கு அது தெரியும், லைட்டர் சட்டைப்பையில் இருந்தது. அவன் காரைத் தரையில் வைத்தான். தங்கபுஷ்பம் நாற்காலியில் முன்னுக்குச் சரிந்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது.

"ஏளா, வா, வீட்டுக்குப் போவம்."

"பந்தயம்?"

"வா."

அவளால் நடக்க முடியவில்லை. தோளில் தாங்கி, ஜனங்கள் வழிவிட, மொபெட்வரை கூட்டிப்போய்ப் பின்னால் உட்காரவைத்து, தன் இடுப்போடு சேர்த்து அவள் முந்தானையால் கட்டிக்கொண்டு ஓட்டினான். அவள் அவன் முதுகில் தலையைச் சாய்த்தாள். சட்டையின் முதுகுப்புறம் வீடு போய்ச் சேர்வதற்குள் அட்டைபோல விறைத்துவிட்டது.

பாயை விரித்தான். அவள் படுத்தாள். நாலு நாள் தூங்கினாள்.

முதல் நாள் வீட்டுக்குள்ளே பானைத்தண்ணீர் கட்டியாயிருந்தது, சுவர்க்கண்ணாடியில் பனி பூத்து முகம் தெரியவில்லை. பிச்சைக்கனி இருந்த போர்வைகளையெல்லாம் அவள்மேல் போர்த்திவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்தான். சவேரியம்மாள் கூடையோடு வந்தாள்.

"அவ தூங்குதா" என்றான்.

"எழுப்ப வேண்டாம் அண்ணாச்சி. கூடைய மூக்குப் பக்கத்துல வச்சிட்டு எடுத்துக்கிடுதேன். தூக்கத்துலயே விட்டாப் போதும்."

"வேண்டாம்."

"ஒரே ஒரு மூச்சு."

"அவ தூங்குதா மதினி" என்றான் மறுபடி. சவேரியம்மாள் உள்ளேயிருந்து வந்த குளிரில் கூடையைக் கொஞ்சம் காட்டிவிட்டு, வெட்கப்பட்டதுபோல எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேதமுத்து டப்பாவோடு வந்தபோது அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இருக்க முடியவில்லை, அது ஊசி மருந்து. மொபெட்டை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் ஒரு பார் ஐஸை உமிச்சாக்கில் கட்டிக்கொண்டுவந்து அவர் கடையில் இறக்கினான். அவன் போய்வரும்வரை வாசற்படியில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அவன் திரும்பியதும் எழுந்து போனாள். சாயந்தரம் வாசலில் இரண்டு குடம் தண்ணீர் இருந்தது.

கணக்கப்பிள்ளை சொர்ணவேல் ஆள் அனுப்பினார், உப்பு விளைந்து கிடக்கிறது, ஆள் வராவிட்டால் பேரை எடுத்துவிட வேண்டியதுதான் என்று. "நான் வாரேன்" என்றான் பிச்சைக்கனி. இரண்டாம் நாள் விடியும்போது அவளுடைய உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு கடைசிப் பாத்திக்கு நடந்தான். இருபத்திரண்டு வருசமாக அந்தப் பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டவன் அவன், ஒருநாளும் அதில் இறங்கியதில்லை. தண்ணீருக்கடியில் உப்பு கண்ணாடித்தூளைப்போலக் குத்தியது. பலகையை இழுக்க இழுக்க உப்பு ஈரத்தில் கனத்தது. ஏழுமணிக்கே கண் கூசியது. எட்டுமணிக்கு விரலிடுக்குகள் வெடித்தன, வெடித்த இடத்தில் உப்புத்தண்ணீர் போனது. பத்துமணிக்கு நிமிர்ந்து பார்த்தபோது வாரியது பாத்தியில் ஒரு மூலைதான். மற்ற பெண்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. ஒருத்தி மட்டும் போகிறபோக்கில், "பலகைய தள்ளாதிய அண்ணாச்சி, இழுங்க. தள்ளுனா நெஞ்சு வலிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு வீட்டுக்கண்ணாடியில் பனி போய் வேர்த்திருந்தது. மூன்றாம் நாள் சுவரெல்லாம் கசிந்து, தரையில் ஓடிய தண்ணீரை அவன் துணிபோட்டு ஒற்றியெடுத்தான், ஒற்றுகிற சத்தம்கூடக் கேட்காமல். பந்தயத்தில் மதுரைக்காரர் ஜெயித்ததாகக் கஸ்பார் வந்து சொன்னான். காரை மோட்டார் ரூமில் வைத்திருப்பதாகவும், இரண்டு நாளாகியும் எஞ்சின் உருகவில்லை என்றும் சொன்னான். உள்ளே எட்டிப்பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அடுத்த மாசம் கொல்லத்துல ஒண்ணு இருக்கு" என்று தொடங்கினான். பிச்சைக்கனி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கஸ்பாரும் அந்தக் கைகளைப் பார்த்தான். கிளம்பிப் போனான். தெருவில் போகிறவர்கள் அந்த வீட்டைத் தாண்டும்போது செருப்பைத் தேய்க்காமல் நடந்தார்கள். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை பக்கத்துப் பம்பை யாரோ நிறுத்திவைத்தார்கள். முன்பு எப்படி ஒருவரும் சொல்லாமல் எல்லாம் நடந்ததோ, இதுவும் அப்படித்தான் நடந்தது.

ஐந்தாம் நாள் காலையில் அவள் எழுந்தபோது வீடு காய்ந்திருந்தது. அவன் அளத்துக்குப் போயிருந்தான். பசித்தது. கிடந்த பழைய சோற்றை முழுவதும் சாப்பிட்டாள். அவள் எழுந்த சேதி தெரிந்து சவேரியம்மாள் வந்தாள், கேட்கவில்லை, கூடையை மட்டும் வாசலில் இறக்கிவைத்தாள். தங்கபுஷ்பம் குனிந்து அதன்மேல் ஊதினாள். பிறகு பெருமூச்சாகவும் விட்டுப்பார்த்தாள். இரண்டும் வெதுவெதுப்பாக, விளை உப்பின்மேல் வீசுகிற காலைக் காற்றைப்போல வந்தன. சவேரியம்மாள் கையை நீட்டி அந்தச் சூட்டைத் தொட்டுப்பார்த்துக்கொண்டாள்.

"சரி மதினி" என்றாள். "ஐஸ் வண்டிக்குச் சொல்லிக்கிடுதேன்." கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, நாலடி போய், திரும்பி, "நல்லா தூங்கினியளா?" என்று கேட்டாள். இத்தனை நாளில் அவளிடம் யாரும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

"தூங்கினேன்" என்றாள்.

பொழுது சாய பிச்சைக்கனி வந்தான். முட்டுவரை வெள்ளையாயிருந்தான். பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவள் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். ஸ்பானரைப் பற்றித்தான் சொல்லவேண்டும் என்று நாலு நாளாகப் பாத்தியில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சொல்லாகச் சேர்த்துவைத்திருந்தான். எல்லாம் சேர்ந்து ஒரு பெருமூச்சாகத்தான் வந்தது.

தங்கபுஷ்பம் உள்ளங்கையை அவன் வாய்க்கு நேரே நீட்டிப் பிடித்தாள். மூச்சு முழுவதும் வந்து முடியும்வரை பிடித்திருந்தாள்.

"இன்னும் சூடாத்தான் இருக்கு" என்றாள். "நாளைக்கும் போங்க."

அவன் தலையாட்டினான். அவள் பாயில் அவனுக்கு இடம்விட்டு நகர்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.